எந்த ஹூகோ? பிராங்கிய ஆவணங்களில் ஒரே பெயர்க்காரர்களைப் பிரித்தறிவது எப்படி

872 ஆம் ஆண்டு நிகழ்வுகளை எழுதும்போது ரீம்ஸ் நகரப் பேராயர் ஹிங்க்மார், மன்னர் வழுக்கைத்தலை சார்லஸ் தம் மகன் லூயியை அக்விதானியாவுக்கு (இன்றைய தென்மேற்கு பிரான்ஸ்) அனுப்பிய செய்தியைச் சொல்கிறார். துணைக்குச் சென்றவர்கள் யார்? போசோ, பெர்னார்டு, அத்துடன் இன்னொரு பெர்னார்டு. அவ்வளவுதான். ஹிங்க்மாருக்கு இருவரையும் நேரில் தெரியும். அவரைப் படித்தவர்களுக்கும் தெரியும். ஆயிரத்து நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து அதே வரியைப் படிப்பவர்தான் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்தில் தெற்கே மூன்று பெர்னார்டுகள் ஒரே சமயத்தில் அதிகாரத்தில் இருந்தார்கள். யார் எவர் என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

பிராங்கியர், அதாவது இடைக்காலத் தொடக்கத்தில் இன்றைய பிரான்ஸ், ஜெர்மனிப் பகுதிகளை ஆண்டவர்கள்; அவர்கள் வரலாற்றுக்குள் புதிதாக நுழைபவர்களுக்காக இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டுக்கு ஹூகோ என்ற ஒரே பெயரைப் பிடித்துக்கொள்வோம். பிரபுக்களிலும் ஹூகோ உண்டு, ஆயர்களிலும் உண்டு, மடத்தலைவர்களிலும் உண்டு, இரண்டும் கலந்தவர்களிலும் உண்டு. இந்தப் பெயரில் பழகிவிட்டால் அடல்ஹார்ட், பெர்னார்டு, ராபர்ட் என்று எதையும் கையாளலாம்.

முதலில்: ஏன் இத்தனை பேருக்கு ஒரே பெயர்?

ஜெர்மானியப் பெயர்களில் பெரும்பாலானவை இரண்டு சொற்களின் ஒட்டு. 'பெர்ன்' என்றால் கரடி, 'ஹார்ட்' என்றால் உறுதி; சேர்த்தால் பெர்ன்ஹார்ட். தொடக்க நூற்றாண்டுகளில் அப்பாவின் பெயரில் ஒரு பாதி, அம்மாவின் பெயரில் ஒரு பாதி என்று எடுத்துப் புதுப்பெயர் கட்டினார்கள். எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளில் உயர்குடியினரிடையே வழக்கம் மாறியது. முன்னோர் பெயரைப் பிய்க்காமல் முழுதாகவே எடுத்துச் சூட்டத் தொடங்கினார்கள். தமிழில் 'பேரன்' என்ற சொல்லே 'பெயரன்' என்பதிலிருந்து வந்தது என்று சொன்னால், இதற்கு மேல் நமக்கு விளக்கம் தேவையில்லை. ஹூகோ ஒட்டுப்பெயர் அல்ல. மனம், எண்ணம் என்று பொருள்படும் வேரிலிருந்து வந்த குறும்பெயர். குடும்பப்பெயர் என்ற வழக்கமோ அன்று கிடையாது.

பெயர் என்பது சொத்தைப் போலவே ஒரு குடும்பத்தின் உரிமை. யார் எந்தப் பெயரை வைக்கலாம் என்பதில் அரசியல் இருந்தது. பிராங்கிய மன்னர் சார்லமேன் 778-இல் பிறந்த தம் இரட்டை மகன்களுக்கு லூயி, லோத்தார் என்று பெயரிட்டார். இரண்டும் அவர் குடும்பத்தில் இல்லாதவை. பழைய மெரோவிங்கிய மன்னர்களான குளோவிஸ், குளோத்தார் ஆகியோரின் பெயர்களே ஒலி தேய்ந்து வந்தவை. ஆட்சியைப் பறித்த குடும்பம் பெயர்களையும் எடுத்துக்கொண்டது. 781-இல் தம் இன்னொரு மகன் கார்லோமானுக்கு ரோமில் பிப்பின் என்று பெயரையே மாற்றினார். அரியணைக்கு உரியவன் தாங்க வேண்டிய பெயர் அது. ஹூகோ அந்த வரிசையில் இல்லாத பெயர். இது பின்னால் நமக்கு உதவும்.

படி 1: ஆவணத்தைத் திறக்கும் முன் ஆட்களின் பட்டியல்

பெயரைக் கண்டதும் ஆளைத் தேடக் கூடாது. அந்தப் பெயரில் இருந்தவர்களின் பட்டியல் முதலில் கையில் இருக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை. இறந்த ஆண்டு, தந்தை தாய், பதவி, வட்டாரம். ஹூகோக்களுக்கான என் அட்டைகளில் முக்கியமானவற்றைச் சொல்கிறேன்.

ரூவான் ஆயர் ஹூகோ, இறப்பு 730. இவர் தந்தை துரோகோ; துரோகோவின் தந்தை, சார்லமேனின் கொள்ளுத்தாத்தாவான பிப்பின். பாரிஸ், பாயோ ஆயர் பதவிகளும் ஷுமியேஜ், ஃபோன்தனெல் மடங்களும் இவர் ஒருவர் கையிலேயே இருந்தன.

தூர் நகரக் கோமான் ஹூகோ, இறப்பு 837. (மன்னர் சார்பில் ஒரு வட்டாரத்தை ஆண்டவருக்கு லத்தீனில் 'கோமெஸ்' என்று பெயர். அதைத்தான் கோமான் என்று எழுதுகிறேன்.) அல்சாஸ் பகுதியின் எதிக்கோ குலத்தவர். 811-இல் பாசல் ஆயர் ஹைத்தோவுடன் கான்ஸ்டான்டினோபிளுக்குத் தூது போனவர். மகள் எர்மென்கார்டை 821-இல் பேரரசர் பக்திமான் லூயியின் மகன் லோத்தாருக்குக் கட்டிக்கொடுத்தார். 827-இல் ஸ்பானிய எல்லைக்குப் படையுடன் தாமதமாகப் போய்ச் சேர்ந்த குற்றத்துக்காக, 828-இல் ஆர்லியான் கோமான் மட்ஃப்ரிட்டோடு சேர்த்துப் பதவி பறிக்கப்பட்டார். இவரைப் பிடிக்காத தேகன் என்ற குருவானவர் 'கோழை ஹூகோ' என்று எழுதினார். வீட்டு வாசலுக்கு வெளியே கால் வைக்கப் பயப்படுபவர் என்று சொந்த வேலையாட்களே பாட்டுக் கட்டிப் பாடினார்களாம். எதிராளி எழுதியது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு ரசிக்கலாம்.

சார்லமேனின் மகன் ஹூகோ, இறப்பு 844 ஜூன் 14. தாய் ரெகினா, மணமாகாத துணைவி. உடன்பிறந்தவர் துரோகோ. துரோகோவும் ஹூகோவும் முன்பே ஒரு ஜோடியாக வந்ததைக் கவனித்தீர்களா? முன்னது அப்பா மகன் ஜோடி, பின்னது அண்ணன் தம்பி ஜோடி. அரியணைப் பெயர்களைத் தராமல், குலத்தின் இன்னொரு கிளையில் வழங்கிய இரண்டு பெயர்களைச் சேர்த்தே எடுத்துவந்திருக்கிறார் சார்லமேன். 818-இல் இவர்களுடைய அண்ணன் பேரரசர் பக்திமான் லூயி, போட்டிக்கு வந்துவிடுவார்களோ என்று தம்பிகளின் உச்சி மழித்து மடத்துக்கு அனுப்பினார். பின்னர் மனம் இறங்கியது. துரோகோ மெட்ஸ் நகர ஆயரானார். ஹூகோ சான் காந்தான் மடத்தலைவரானார், 834-இலிருந்து பேரரசின் சாசன அலுவலகத் தலைவருமானார். சாவு போர்க்களத்தில். அங்குலேம் அருகே, பக்திமான் லூயியின் பேரனான அக்விதானிய பிப்பினின் ஆட்கள் கையில். அவருக்கு எழுதப்பட்ட லத்தீன் இரங்கற்பாட்டு, ஹூகோ என்பதே இனிய பெயர் என்று தொடங்குகிறது.

கொன்ராட்டின் மகன் ஹூகோ, இறப்பு 886 மே 12. வரலாற்று நூல்களில் 'மடத்தலைவர் ஹூகோ' என்றாலே பெரும்பாலும் இவர்தான். தாய் அடெலாய்டு தூர் கோமான் ஹூகோவின் மகள். ஆக, தாய்வழித் தாத்தாவின் பெயர். 866-இல் வடவரோடு (வைக்கிங்குகளோடு) நடந்த பிரிஸார்த் போரில் லுவார் ஆற்றுப் பகுதிப் பிரபு வலியோன் ராபர்ட் விழுந்ததும் அவருடைய பதவிகள் இவருக்கு வந்தன. தூர் கோமான் பதவியும் புனித மார்ட்டின் மடமும் அதில் அடக்கம்.

மன்னர் இரண்டாம் லோத்தாரின் (மேலே சொன்ன லோத்தார், எர்மென்கார்டு மகன்) மகன் ஹூகோ. தாய் வல்திராதா. அந்த மணம் செல்லுமா செல்லாதா என்ற வழக்கு போப்பாண்டவர் வரை போயிற்று. குழந்தைக்கு லோத்தார் என்றோ சார்லஸ் என்றோ வைக்காமல் ஹூகோ என்று வைத்ததே, தந்தைக்குத் தொடக்கத்தில் தயக்கம் இருந்ததைக் காட்டுகிறது என்பது பல ஆய்வாளர் கருத்து. எனக்கும் அது சரியாகவே படுகிறது. இங்கேயும் பெயர் வந்த வழி தூர் கோமான்தான். அவர் இரண்டாம் லோத்தாரின் தாய்வழித் தாத்தா.

கிழக்குப் பிராங்கிய மன்னர் இளைய லூயியின் மணவழி வராத மகன் ஹூகோ. 880-இல் தீமியோன் போரில் வடவர் கையில் மாண்டார்.

பத்தாம் நூற்றாண்டுக்கு வந்தால் கூட்டம் இன்னும் கூடும்: இத்தாலிய மன்னரான ஆர்ல் நகர ஹூகோ, வலியோன் ராபர்ட்டின் பேரனும் 956-இல் இறந்தவருமான பெரிய ஹூகோ, அவர் மகனும் 987-இல் மன்னரானவருமான ஹூகோ காப்பே, ரீம்ஸ் பேராயர் ஹூகோ. கடைசியில் சொன்னவர் 925-இல் அந்தப் பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது ஐந்து வயதுகூட நிரம்பவில்லை. தந்தை ஹெரிபெர்ட்டுக்கு மறைமாவட்டத்தின் வருமானம் வேண்டியிருந்தது.

இவை பிரபலங்களின் அட்டைகள் மட்டுமே. ஊர் பேர் தெரியாத சிறு நிலக்காரர் ஹூகோக்கள் சாட்சிப் பட்டியல்களில் நிறையவே இருக்கிறார்கள். அதனால் எப்போதும் 'இவர்களில் யாரும் இல்லை' என்று ஒரு வெற்று அட்டையும் அட்டைக் கட்டுக்குள் இருக்கட்டும்.

படி 2: எழுத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்

ஹூகோ, ஹூக், ஊகோ, ஊக் எல்லாம் ஒரே பெயர். லத்தீன் வேற்றுமை உருபு ஏறினால் 'ஹூகோனிஸ்', 'ஹூகோனே' என்று வரும். ரோமானியத் தாக்கம் மிகுந்த பகுதியில் முதல் 'ஹ' ஒலியே மறைந்துவிடும். எழுத்து மாறியதால் ஆள் மாறிவிட்டார் என்று கொள்ள இடமில்லை. ஒரே எழுத்தர் ஒரே பக்கத்தில் இரண்டு விதமாக எழுதுவார்.

இதைவிடத் தொல்லை இன்றைய நூல்களில். ஜெர்மானியர் ஹூகோ என்பார், ஆங்கிலேயர் ஹியூ என்பார், பிரெஞ்சுக்காரர் யூக் என்பார், இத்தாலியர் ஊகோ என்பார். மூன்று மொழி நூல்களிலிருந்து குறிப்பெடுத்தால் ஒரு மனிதரே உங்கள் ஏட்டில் மூவராகி நிற்பார். தொடக்கத்திலேயே ஒரு வடிவத்தைத் தேர்ந்துகொண்டு மற்றதை அடைப்பில் போடுங்கள்.

கடிதத் தொகுப்புகளில் பெயரை முதலெழுத்தோடு நிறுத்திவிடும் பழக்கமும் உண்டு. 'ஹ' என்ற ஒற்றை எழுத்தைப் பார்த்து ஹூகோ என்று விரிக்கும் முன், ஹிங்க்மார், ஹில்துயின், ஹெரிபெர்ட் எல்லாரும் அதே எழுத்தில் தொடங்குகிறவர்கள் என்பதை எண்ணிப்பாருங்கள். பின்னாளில் படியெடுத்தவர் தாமாக விரித்து எழுதிவிட்ட இடங்களில் நம் வேலை இன்னும் கடினம்.

படி 3: பட்டம் பாதி உண்மைதான் சொல்லும்

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். நானும் சறுக்கியிருக்கிறேன். 'ஹூகோ அப்பாஸ்', அதாவது மடத்தலைவர் ஹூகோ என்று ஒரு சாசனத்தில் கண்டு, நல்ல துறவி என்று அட்டையில் எழுதி வைத்தேன். பிறகு பார்த்தால் அவர் குதிரையேறிப் போர் நடத்திக்கொண்டிருந்தார்.

மன்னர்கள் மடங்களைத் தம் ஆட்களுக்குக் கொடுத்தார்கள். மடத்தின் நிலமும் வருமானமும் அவருக்கு; உள்ளே வழிபாட்டையும் ஒழுங்கையும் பார்த்துக்கொள்ள வேறொரு துறவி. கொன்ராட்டின் மகன் ஹூகோ முறைப்படி குருமார் நிலையில் இருந்தவர், ஆனால் வேலை படைத்தலைவர் வேலை. பெரிய ஹூகோவோ முழுக்க முழுக்க உலகியல் பிரபு. மனைவி, மக்கள், டியூக் பட்டம் எல்லாம் உண்டு. ஆனாலும் தூர் நகரின் புனித மார்ட்டின் மடத்துக்கும் சான் தெனி மடத்துக்கும் அவரே தலைவர். அதனால் பத்தாம் நூற்றாண்டுத் தூர் சாசனத்தில் 'மடத்தலைவர் ஹூகோ' என்று வந்தால், அந்த மனிதருக்கு ஆறு பிள்ளைகள்கூட இருக்கலாம்.

ஆயர் பட்டம் அப்படி வழுக்காது. ஒரு நகரத்துக்கு ஒரு ஆயர். பெரும்பாலான ஆயர் வரிசைகள் தெரிந்தவை. ஆனால் பதவிப் போட்டி வந்தால் ரீம்ஸ் போல ஆகும். அங்கே ஹூகோவும் அர்தால்தும் மாறி மாறி ஏறி இறங்கினார்கள். 948-இல் இங்கல்ஹைம் மாமன்றம் அர்தால்து பக்கம் தீர்ப்பளித்த பிறகே ஓய்ந்தது.

படி 4: நாளைக் கணக்கிடுங்கள்

பிராங்கியச் சாசனங்களில் பெரும்பாலும் கிறிஸ்து ஆண்டு இருக்காது. இருப்பது இரண்டு: மன்னரின் ஆட்சியாண்டு, 'இந்திக்தியோ' என்ற பதினைந்தாண்டுச் சுழற்சியில் அந்த ஆண்டின் எண். கிறிஸ்து ஆண்டோடு 3 கூட்டி 15-ஆல் வகுத்தால் வரும் மீதிதான் அந்த எண். மீதி இல்லாவிட்டால் 15.

ஒரு பயிற்சிக்கு, 'பேரரசர் லூயியின் 22 ஆம் ஆண்டு, இந்திக்தியோ 13, ஜூன் மாதம்' என்று ஒரு சாசனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பக்திமான் லூயியின் ஆட்சி 814 ஜனவரி 28-இலிருந்து எண்ணப்படுகிறது. 22 ஆம் ஆண்டு என்றால் 835 ஜனவரி இறுதி முதல் 836 ஜனவரி வரை. ஜூன் மாதம் ஆகையால் 835. சரிபார்ப்போம்: 835 + 3 = 838; 15-ஆல் வகுத்தால் 55 முறை போக மீதி 13. பொருந்துகிறது. பொருந்தாத சாசனங்களும் வரும். எழுத்தர் கணக்குத் தவறியிருக்கலாம், இந்திக்தியோ செப்டம்பரிலேயே புதிய எண்ணுக்கு மாறியிருக்கலாம், அல்லது சாசனமே பிற்காலப் போலியாக இருக்கலாம். மடங்களின் சாசனங்களில் பல, மூலம் அழிந்து பிற்காலப் படிகளாகவே நமக்குக் கிடைத்திருக்கின்றன.

இந்தக் கற்பனைச் சாசனத்தின் அடியில் 'ஹூகோவுக்குப் பதிலாக நோட்டரி ஹிர்மின்மாரிஸ் சரிபார்த்தேன்' என்று இருக்கிறது என்போம். ஹிர்மின்மாரிஸ் உண்மையில் இருந்த நோட்டரி. இந்த வாய்பாடும் உண்மையானது. 835-இல் சாசன அலுவலகத் தலைவர் சார்லமேனின் மகன் ஹூகோ. தூர் கோமான் அப்போது மருமகன் லோத்தாரோடு இத்தாலியில். கொன்ராட்டின் மகன் சிறுவனாக இருந்திருப்பான், அல்லது பிறந்தே இருக்க மாட்டான். ஆக, ஆள் தெளிவு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 'பதிலாக' என்ற சொல்லுக்கு, ஹூகோ அன்று அந்த ஊரில் இருந்தார் என்று பொருள் இல்லை. அவர் நூறு கல் தொலைவில் இருந்தாலும் பெயர் விழும். அந்த வரியை வைத்து அவருடைய பயண வரைபடம் போடாதீர்கள்.

'சார்லஸ் மன்னரின் நான்காம் ஆண்டு' என்று வந்தால் எந்தச் சார்லஸ் என்ற கேள்வி முதலில் எழும். ஒரே பெயர்ச் சிக்கல் நாட்காட்டிக்குள்ளும் இருக்கிறது, பொறுமை வேண்டும்.

படி 5: பக்கத்தில் நிற்பவரைக் கேளுங்கள்

சாட்சிப் பட்டியலில் தனிப்பெயர் ஊமை. பக்கத்துப் பெயர்கள் பேசும். 820-களில் ஹூகோவுக்கு அருகே மட்ஃப்ரிட் என்று இருந்தால் அநேகமாகத் தூர் கோமான்; இருவரும் சேர்ந்தே உயர்ந்து, சேர்ந்தே விழுந்து, சேர்ந்தே லோத்தார் பின்னால் போனவர்கள். இருவரும் இத்தாலியில் கொள்ளைநோய்க் காலத்தில் இறந்தார்கள்.

மடங்களின் நினைவேடுகளுக்கு இந்த முறை இன்றியமையாதது. வேண்டுதலில் நினைவுகூர வேண்டியவர்களின் பெயர்களைத் துறவிகள் ஏட்டில் எழுதி வைத்தார்கள். 820-களில் தொடங்கப்பட்ட ரைஹெனாவ் மடத்து ஏட்டில் நாற்பதாயிரத்தை ஒட்டிய பெயர்கள். பட்டம் இல்லை, ஊர் இல்லை, ஆண்டு இல்லை. ஆனால் ஒரே கையெழுத்தில், ஒரே மையில், கொத்தாக எழுதப்பட்ட பெயர்கள் பெரும்பாலும் ஒன்றாக வந்த ஒரு குடும்பம் அல்லது நட்புக் கூட்டம். அந்தக் கொத்தில் ஹூகோவோடு எர்மென்கார்டும் அடெலாய்டும் இருந்தால் நம் காது நிமிரும். கொத்து எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை அச்சுப் பதிப்பில் முடிவு செய்யாதீர்கள்; ஏட்டின் படத்தைப் பாருங்கள். இறந்தோர் நாளேடுகளில் மாதமும் நாளும் இருக்கும், ஆண்டு இருக்காது. மேலே ஜூன் 14, மே 12 என்று அட்டையில் குறித்துவைத்தது அதற்காகத்தான்.

படி 6: பெயர் உறவுக்குச் சான்றா?

துணைச் சான்று, அவ்வளவே. 'இவனும் ஹூகோ, அவனும் ஹூகோ, ஆகவே ஒரே குலம்' என்று கட்டிய வம்சாவளிகள் ஏராளம். அவற்றில் பாதி, மேலே ஒரு விரல் வைத்தால் சரியும். பெரிய ஹூகோவுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? அவருடைய பாட்டி, தூர் கோமான் மகள் அடெலாய்டுதான் என்று ஒரு விளக்கம் உண்டு: கொன்ராட் இறந்தபின் அவர் வலியோன் ராபர்ட்டை மணந்தார் என்பது. அழகாகப் பொருந்துகிறது. ஆனால் அந்த மறுமணத்துக்கான சான்றும் சர்ச்சைக்குரியது. நான் அந்தக் கோட்டைப் புள்ளிக்கோடாகத்தான் போடுவேன்.

பெயர் வைக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதற்கு ஒரு காட்சி. செப்திமானியாவை (இன்றைய பிரான்சின் தென்கடலோரம்) ஆண்ட பெர்னார்டின் மனைவி துவோதா, 841 நவம்பர் 30 அன்று ஊசேஸ் நகரில் உட்கார்ந்து, தொலைவில் இருக்கும் மூத்த மகன் வில்லியமுக்கு அறிவுரை நூல் எழுதத் தொடங்குகிறார். வில்லியம் என்பது தந்தைவழித் தாத்தாவின் பெயர். அந்த ஆண்டு மார்ச் 22-இல் இரண்டாவது மகன் பிறந்திருந்தான். ஞானஸ்நானத்துக்கு முன்பே தந்தை அவனைத் தம்மிடம் வரவழைத்துக்கொண்டார். 'உன் தம்பியின் பெயர் எனக்கு இன்னும் தெரியாது' என்ற பொருள்பட மூத்தவனுக்கு எழுதுகிறார் தாய். பெற்றவளுக்கே தெரியாத அந்தப் பெயர், தந்தையின் பெயரான பெர்னார்டு என்று பின்னால் தெரியவருகிறது. வளர்ந்தபின் அவனும் அந்த மூன்று பெர்னார்டுகளில் ஒருவனானான்.

படி 7: இருவரை ஒருவராக்குவது தவறு, ஒருவரை இருவராக்குவதும் தவறுதான்

எல்லாவற்றையும் பிரிக்கக் கற்றுக்கொண்ட பிறகு வரும் நோய் இது. கோமான் ஹூகோ ஒருவர், துறவி ஹூகோ வேறொருவர் என்று அட்டைகள் பெருகும். இந்தச் சமூகத்தில் மனிதர்கள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தள்ளப்பட்டார்கள். போட்டியாளனைக் கொல்லாமல் ஒதுக்க வேண்டுமானால் உச்சியை மழித்து மடத்தில் அடைப்பதே வழி.

இரண்டாம் லோத்தாரின் மகன் ஹூகோவின் அட்டையை எடுங்கள். 867-இல் தந்தை அவருக்கு அல்சாஸை அளித்தார். தந்தை இறந்தபின் அந்த அரசைக் கேட்டு ஆண்டுக்கணக்கில் கலகம் செய்தார். தங்கை கிசெலாவை வடவர் தலைவன் காட்ஃப்ரிட்டுக்கு மணமுடித்துக் கூட்டுச் சேர்ந்தார். 885-இல் பேரரசர் பருத்த சார்லஸின் ஆட்கள் சூழ்ச்சியால் பிடித்து இரு கண்களையும் குருடாக்கினார்கள். 880 வாக்கில் படையோடு அலைந்த பிரபு ஹூகோவும், 890-களில் ப்ரூம் மடத்தில் துறவியாக இருந்த ஹூகோவும் ஒரே ஆள். இந்த ஒரு முறை நாம் ஊகிக்க வேண்டியதில்லை. ப்ரூம் மடத்தலைவர் ரெகினோ, சுவெந்திபோல்டு மன்னர் காலத்தில் அந்தக் குருடரின் தலையை மழித்தது தன் கைதான் என்று தம் வரலாற்று நூலில் எழுதி வைத்திருக்கிறார். அட்டையைக் கிழித்து இரண்டாக்காமல், பதவி என்ற இடத்தில் கோடு போட்டு அடுத்த வரியில் 'துறவி, ப்ரூம்' என்று எழுதுங்கள்.